ஆயில் மாற்றினார்களா, மாற்றியதாக பில் போட்டார்களா?

கம்பெனி சர்வீஸ் சென்டரில் கடைசியாகக் கொடுத்த பில்லை எடுத்துப் பாருங்கள். ஆயில் மாற்றியிருந்தால் அதில் மூன்று வரிகள் இருக்க வேண்டும்: இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ட்ரெயின் போல்ட் வாஷர். முதல் இரண்டும் அநேகமாக இருக்கும். மூன்றாவது, ஆயிலை வடிக்க இன்ஜினின் அடியில் கழற்றும் போல்ட்டோடு மாட்டும் ஒரு சின்ன உலோக வளையம், டீ செலவுக்குள் அடங்கிவிடும் விலை. பல பில்களில் அந்த வரியைக் காணோம். பழைய வாஷரையே திருப்பிப் போட்டிருக்கலாம், அல்லது போல்ட்டையே கழற்றாமல் மேலே இருந்து ஆயிலை உறிஞ்சி எடுத்திருக்கலாம், அல்லது எதுவுமே செய்யாமல் இருந்திருக்கலாம். வாஷரும் போல்ட்டும் ஒன்றாகவே வரும் வண்டிகள் சில உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படியானாலும் "வாஷர் பில்லில் இல்லையே?" என்ற ஒரு கேள்விக்கு சர்வீஸ் அட்வைசர் சொல்லும் பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

வண்டி வேலைகளிலேயே சுலபமானது ஆயில் சர்வீஸ். அதனால்தான் அது பட்டறைக்குப் புதிதாக வந்த பையன் கையில் போய்ச் சேர்கிறது. உங்களோடு பேசுகிற அட்வைசர் ஸ்பேனரைத் தொடுவதில்லை, ஸ்பேனரைத் தொடுகிறவர் உங்களைப் பார்ப்பதில்லை. இருவருக்கும் நடுவே ஜாப் கார்டு என்று ஒரு தாள் போய்வருகிறது. அதில் எழுதாதது நடக்காது. சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு லிஃப்ட் காலியாவதற்காக ஐந்தாறு வண்டி காத்துக்கொண்டிருக்கும்போது, ஆயில் முழுக்க வடியும்வரை யாரும் நின்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். என் கணக்கில் இங்கே நடக்கிற தவறுகளில் ஏமாற்று வேலை கொஞ்சம், அவசரம்தான் நிறைய. ஆகவே போலீஸ்காரர் மாதிரி பின்னால் நிற்கத் தேவையில்லை. எந்த இடத்தில் தவறும் என்று தெரிந்துகொண்டு அந்த இடத்தை மட்டும் பார்த்தால் போதும். முடிந்தால் வார நாளில், கதவு திறந்ததும் கிடைக்கும் முதல் நேரத்துக்கு புக் பண்ணுங்கள்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்

வண்டியோடு கொடுத்த கையேட்டின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். அங்கே மூன்று விவரம் வேண்டும்: ஆயிலின் கிரேடு, அதன் தரக்குறி, எத்தனை லிட்டர். லிட்டர் கணக்கு இரண்டு விதமாக இருக்கும். ஃபில்டர் மாற்றாமல் இவ்வளவு, ஃபில்டரோடு சேர்த்து இவ்வளவு என்று. நமக்கு வேண்டியது ஃபில்டரோடு சேர்த்த கணக்கு. 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் வண்டிகளில் இது பொதுவாக மூன்றிலிருந்து மூன்றரை லிட்டருக்குப் பக்கத்தில் வரும். டீசலுக்குக் கூடுதலாகப் பிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியும் அதே மாடல்தான் என்று அவர் கணக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே பெயரில் ஓடும் வண்டிக்கே வருடத்துக்கு வருடம் இன்ஜின் மாறியிருக்கும், அளவும் மாறும்.

கிரேடு என்பது 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று கேனில் பெரிதாகப் போட்டிருப்பது. முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதற்கு. இரண்டாவது எண் 100 டிகிரி செல்சியஸில் அதன் கெட்டித்தன்மைக்கு. இங்கே ஒரு பழைய நம்பிக்கை விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது: "நம்ம ஊர் வெயிலுக்கு இவ்வளவு தண்ணி ஆயில் தாங்காது, கெட்டியா போடுங்க." வேலூரில் மே மாதம் 42 டிகிரி அடித்தாலும் இன்ஜினுக்குள் ஓடும் ஆயிலின் சூட்டை வெளி வெயில் பெரிதாக மாற்றிவிடாது. தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் அதைப் பார்த்துக்கொள்கின்றன. ஊட்டியானாலும் வேலூரானாலும் ஓடிச் சூடான இன்ஜினில் ஆயில் 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இப்போதைய இன்ஜின்களில் ஆயில் போகும் வழிகள் குறுகல். வால்வ் நேரத்தை மாற்றும் அமைப்பே ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. மாருதியின் புதிய கே சீரிஸ் பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றுக்குக் கையேடு 0டபிள்யூ-16 கேட்கிறது. அதில் 20டபிள்யூ-50 ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் மேலே கேம்ஷாஃப்ட்டுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும், மைலேஜும் குறையும். கையேடே இரண்டு கிரேடு அனுமதித்திருந்தால் அந்த இரண்டுக்குள் எது என்று விவாதிக்கலாம். அதற்கு வெளியே போக வேண்டாம்.

தரக்குறி என்பது ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) தரும் எஸ்என், எஸ்பி என்று வரும் எழுத்துகள். கேனின் பின்புறம் வட்டமாக ஒரு முத்திரை இருக்கும். மேல் வளைவில் இந்த எழுத்துகள், நடுவில் கிரேடு. 'எஸ்' என்று தொடங்குவது பெட்ரோலுக்கு. அடுத்த எழுத்து அகர வரிசையில் பின்னால் போகப் போகப் புதிய தரம். எஸ்பி 2020-இல் வந்தது. கையேடு எஸ்என் கேட்டால் எஸ்பி போடலாம், எஸ்பி கேட்டால் எஸ்என் போடக் கூடாது.

டீசல்காரர்கள் இந்தப் பத்தியை நிதானமாகப் படியுங்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து எரிக்கும் ஒரு வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். கரியை அது எரித்துவிடும். ஆயிலில் இருக்கும் சில சேர்மானங்கள் எரிந்து மிஞ்சும் சாம்பலை எரிக்க முடியாது. அது உள்ளேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொள்ளும். அதனால் இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் போட வேண்டும். கையேட்டில் ஐரோப்பியத் தரக்குறியான ஏசிஇஏ சி2, சி3 என்றோ ஜப்பானியத் தரக்குறியான ஜாசோ டிஎல்-1 என்றோ எழுதியிருக்கும். பட்டறையில் பழைய பிஎஸ்-4 டீசல்களுக்கு என்று வைத்திருக்கும் டிரம்மும் பக்கத்திலேயே நிற்கும். இரண்டும் 5டபிள்யூ-30 ஆக இருந்தால் பையனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆயிலை மாற்றி ஊற்றியதன் விளைவு உடனே தெரியாது. வடிகட்டி அடைத்துக்கொண்டு பெரிய பில் வரும்போது, இதுதான் காரணம் என்று நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

வண்டியைக் கொடுக்கிற அன்று காலை, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே, சமமான தரையில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) எடுத்துத் துடைத்து மறுபடி முழுக்க விட்டு எடுங்கள். ஆயில் எந்த அளவில், என்ன நிறத்தில் இருக்கிறது என்று ஒரு போட்டோ. ஓடோமீட்டருக்கு ஒரு போட்டோ. ஃபில்டர் கைக்கோ கண்ணுக்கோ எட்டுகிற இடத்தில் இருந்தால் அதன் மேல் மார்க்கர் பேனாவால் சின்னதாகத் தேதி எழுதிவிடுங்கள். சர்வீஸ் முடிந்து வரும்போது அந்த எழுத்து அங்கேயே இருந்தால் அதற்கு மேல் பேச்சே தேவையில்லை. ஃபில்டர் அடியில் மறைந்திருக்கும் வண்டிகளில் இது முடியாது, அதற்கு வேறு வழி கீழே வருகிறது.

ஜாப் கார்டில் எழுத வேண்டியது

அட்வைசர் கம்ப்யூட்டரில் தட்டும்போது "ஜெனரல் சர்வீஸ்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடப் பார்ப்பார். அவரிடம் சண்டை வேண்டாம். "சார், ஆயில் கிரேடும் லிட்டரும் இதிலேயே எழுதிடுங்க" என்று கேளுங்கள். கையேட்டில் 3.1 லிட்டர் என்றால் 3.1 என்று எழுதட்டும். எஸ்டிமேட்டில் 3.5 என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த 400 மில்லி இன்ஜினுக்குள் போனால் அளவு மீறும். போகாவிட்டால் நீங்கள் காசு கொடுத்த ஆயில் வேறு யார் வண்டிக்கோ போகும்.

பிறகு இந்த இரண்டு வரி: "பழைய ஃபில்டரைக் காட்ட வேண்டும்", "கூடுதல் வேலை எதுவானாலும் போனில் கேட்ட பிறகே". பல ஜாப் கார்டுகளில் பழைய உதிரிபாகம் வேண்டுமா என்று கேட்டு ஒரு கட்டமே அச்சடித்திருக்கும், அதை டிக் செய்தால் போதும். பழைய ஃபில்டரை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. அதற்குள் கால் லிட்டருக்குப் பக்கம் கழிவு ஆயில் இருக்கும், டிக்கியில் கவிழ்ந்தால் வாடை போகாது. பார்த்துவிட்டு அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

கூடுதல் வேலை என்றால் இன்ஜின் ஃப்ளஷ், ஆயில் ட்ரீட்மென்ட், இன்ஜின் கோட்டிங் வகையறா. அட்வைசருக்கு இவற்றில் டார்கெட் இருக்கும், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஃப்ளஷ் என்பது வடிக்கும் முன் பழைய ஆயிலில் ஒரு கரைப்பானை ஊற்றிப் பத்து நிமிடம் இன்ஜினை ஓட விடுவது. ஒழுங்காக நேரத்துக்கு ஆயில் மாற்றிவந்த இன்ஜினில் கரைப்பதற்கு எதுவும் இருக்காது. கவனிக்காமல் விட்ட இன்ஜினில் ஒரேயடியாகப் பெயர்ந்து வரும் கசடு, ஆயில் பம்ப் உறிஞ்சும் சல்லடையில் போய் அடைக்கலாம். வடித்த பிறகும் கரைப்பானில் கொஞ்சம் உள்ளே தங்கி, புது ஆயிலை நீர்க்கச் செய்யும். ஆயிலில் கலக்கும் தனி மருந்துகளும் அப்படித்தான். கேனில் வருகிற ஆயிலிலேயே தேய்மானத் தடுப்பும் கழுவும் சேர்மானமும் அளந்து கலந்துதான் வருகின்றன. கையேட்டில் இல்லாததை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்குக் காரணம் எதுவும் தேவையில்லை.

டிரம்மா, கேனா என்று கேளுங்கள். டீலர்கள் பெரும்பாலும் 200 லிட்டர் டிரம்மிலிருந்து மீட்டர் வைத்த குழாய் வழியாகத்தான் ஊற்றுகிறார்கள். அதில் தவறில்லை. டிரம்மின் லேபிளையும் ஊற்றும்போது மீட்டரையும் பார்க்கலாமா என்று கேளுங்கள், அல்லது மீட்டரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கேன் என்றால் உங்கள் கண் முன்னால் மூடியைத் திருகி, வாயை மூடியிருக்கும் ஃபாயில் சீலைக் கிழிக்க வேண்டும். காலிக் கேனை விட்டுவிட்டு வராதீர்கள். போலி ஆயில் அடைப்பவர்களுக்கு அசல் கேனும் மூடியும்தான் மூலதனம். எடுத்துவர விருப்பமில்லை என்றால் ஸ்க்ரூடிரைவரால் இரண்டு குத்துக் குத்திவிட்டு வாருங்கள்.

நீங்களே ஆயில் வாங்கிக்கொண்டு போவது இன்னொரு வழி. வாரண்டி முடிந்த வண்டிக்குப் பரவாயில்லை. வாரண்டியில் இருக்கும் வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பல டீலர்கள் மறுப்பார்கள். ஒப்புக்கொண்டாலும் 'வாடிக்கையாளர் கொண்டுவந்த ஆயில்' என்று ஜாப் கார்டில் எழுதிவிடுவார்கள். பின்னால் இன்ஜினில் ஏதாவது கோளாறு என்றால் அந்த ஒரு வரி உங்களுக்கு எதிராகப் பேசும்.

லிஃப்ட்டில் நடப்பது

கண்ணாடி வழியாகவோ டிவி திரையிலோ பட்டறையைப் பார்க்க வசதி இருந்தால், முழு நேரமும் பார்க்க வேண்டாம். போல்ட் கழலும் நேரம், ஃபில்டர் மாட்டும் நேரம், ஆயில் ஊற்றும் நேரம், இந்த மூன்று போதும்.

ஆயில் சூடாக இருக்கும்போதுதான் வடிக்க வேண்டும். சூட்டில் இளகி ஓடும்போது கரியும் கசடும் சேர்ந்தே வெளியே வரும். பேனட்டைத் திறந்து ஆயில் மூடியையும் கழற்றி வைத்தால் காற்று உள்ளே போய் வேகமாக வடியும். முதல் ஒரு நிமிடம் கட்டைவிரல் பருமனில் கொட்டும், பிறகு நூலாகும், அப்புறம் சொட்டு. சொட்டுகளுக்கு நடுவே இடைவெளி விழும்வரை, பத்துப் பதினைந்து நிமிடம், விட வேண்டும். நூலாக ஓடும்போதே போல்ட்டை மாட்டினால் அழுக்கான கடைசிப் பகுதி உள்ளேயே தங்கிவிடும். சில எக்ஸ்பிரஸ் சர்வீஸ்களில் வண்டியைத் தூக்காமல் டிப்ஸ்டிக் துளை வழியாகக் குழாய் விட்டு உறிஞ்சுவார்கள். அதற்கென்றே வடிவமைத்த வண்டிகள் உண்டு. மற்றவற்றில் சேம்பரின் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அடியில் படிந்ததை அது எடுக்காது. "கீழே போல்ட்டைக் கழற்றி வடிக்கணும்" என்பதையும் ஜாப் கார்டில் சேர்த்துவிடலாம்.

இனி போல்ட். ஆயில் சேம்பர் இப்போது பல வண்டிகளில் அலுமினியம், போல்ட்டோ இரும்பு. ஏர் கன் வைத்து 'டர்ர்' என்று ஏற்றினால் முதலில் சாவது அலுமினியத்தின் மரைதான். சிறிய கார்களில் இந்த போல்ட்டுக்கு வேண்டியது பெரும்பாலும் 30 முதல் 45 நியூட்டன் மீட்டர் முறுக்கம். இருபது சென்டிமீட்டர் நீளமான ஸ்பேனரின் நுனியில் இருபது கிலோ பலத்தில் இழுத்தால் கிட்டத்தட்ட நாற்பது வந்துவிடும். அவ்வளவுதான். போல்ட்டைக் கையால் நான்கைந்து சுற்று ஏற்றிவிட்டுக் கடைசியில் முறுக்கத்தை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் முடிப்பவர் வேலை தெரிந்தவர். வாஷர் மெத்தென்ற செம்பாலோ அலுமினியத்தாலோ ஆனது. ஒருமுறை இறுக்கும்போது நசுங்கி இடைவெளியை அடைப்பதுதான் அதன் வேலை. நசுங்கியதை இரண்டாம் முறை போட்டால் மெல்லக் கசியும், கசிவை நிறுத்த இன்னும் இறுக்குவார்கள், அப்படித்தான் மரை போகிறது. மரை போன பிறகு ஒரு சைஸ் பெரிய போல்ட்டை முறுக்கி ஏற்றி அனுப்புவதும் உண்டு. அந்த போல்ட் பழைய மரையை அறுத்துக்கொண்டே உள்ளே போகும், அடுத்த சர்வீஸில் கழற்றினால் திரும்பப் பிடிக்காது. முறையான தீர்வு புதிதாக மரை வெட்டி இன்சர்ட் (உள்ளே பொருத்தும் மரை வளையம்) வைப்பது, இல்லையென்றால் சேம்பரையே மாற்றுவது.

ஃபில்டரில் இரண்டு வகை. டப்பா போல முழுதாகத் திருகிக் கழற்றுவது ஒன்று. உள்ளே காகிதச் சுருள் மட்டும் மாறும் கார்ட்ரிட்ஜ் மற்றொன்று. டப்பா வகையில் நடக்கும் பெரிய விபத்து, பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவது. அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை மாட்டினால் வளையத்தின் மேல் வளையம். பட்டறையில் ஸ்டார்ட் பண்ணும்போது ஒன்றும் தெரியாது. ரோட்டில் போய் அழுத்தம் ஏறும்போது இரண்டில் ஒன்று பிதுங்கிக்கொள்ளும், சில நிமிடங்களில் மொத்த ஆயிலும் ரோட்டில். பழைய ஃபில்டரைக் காட்டச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இதுதான். அதன் வாயில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிம்மதி.

புது ஃபில்டரின் வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று. எத்தனை சுற்று என்று பல ஃபில்டர்களின் மேலேயே படம் போட்டிருக்கும். செயின் ரெஞ்ச் போட்டு இறுக்குவது தேவையில்லாத வேலை, அடுத்த முறை கழற்றும்போது டப்பா நசுங்கும். கார்ட்ரிட்ஜ் வகையில் மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஃபில்டர் பெட்டிக்குள்ளேயே புதிதாக வரும். அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் பழையதோடு மூடிவிடுகிறார்கள். மூடி பிளாஸ்டிக் என்பதால் அதிகம் முறுக்கினால் வெடிப்பு விடும். 25 நியூட்டன் மீட்டர் என்று பல மூடிகளின் மேலேயே பொறித்திருக்கும்.

ஃபில்டர் அசல்தானா என்பது மறுநாள் காலையில் தெரியும். நல்ல ஃபில்டருக்குள் இருக்கும் ரப்பர் வால்வ், இன்ஜின் நின்ற பிறகு ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கிறது. அந்த வால்வ் சரியில்லாத மலிவுச் சரக்கு என்றால் ராத்திரி முழுக்க ஃபில்டர் காலியாகி, காலை ஸ்டார்ட்டில் ஓரிரு நொடி 'கடகட'வென்று சத்தம் வரும். முன்பு இல்லாத சத்தம் சர்வீஸுக்குப் பிறகு வந்தால் முதல் சந்தேகம் ஃபில்டர் மேல் போகட்டும்.

அபூர்வம்தான், ஆனால் நடக்கிறது: ஆயில் போல்ட் என்று நினைத்து கியர்பாக்ஸின் போல்ட்டைக் கழற்றிவிடுவது. சிவிடி உள்பட ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் இரண்டு போல்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மாடல்களில் இது நேரும். கியர்பாக்ஸ் காலி, இன்ஜினுக்குள்ளோ பழையதும் புதியதுமாக இரட்டை அளவு. டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி எங்கேயோ நிற்கும், வண்டி நகரும்போது இழுக்காது. அப்படிக் கண்டால் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள்.

சாவி வாங்கும் முன்

வாட்டர் வாஷ் பண்ணி, உள்ளே சென்ட் அடித்து, பளபளவென்று நிறுத்தியிருப்பார்கள். அடிப்பக்கமும் கழுவியிருப்பதால் கசிவின் தடயமும் போயிருக்கும். பில் கட்டும் முன், அட்வைசரைக் கூட வைத்துக்கொண்டு பேனட்டைத் திறங்கள்.

வண்டி சமதரையில் நிற்கட்டும், இன்ஜின் அணைத்து ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கட்டும். முதல் முறை எடுக்கும் டிப்ஸ்டிக்கை நம்ப வேண்டாம், குழாயின் சுவரில் ஒட்டிய ஆயில் அதில் தீற்றியிருக்கும். துடைத்து, முழுக்க உள்ளே விட்டு, எடுத்து இரண்டு பக்கமும் பாருங்கள். இரண்டு பக்கமும் வேறு வேறாகக் காட்டினால் குறைவான பக்கமே சரி. மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்பது நல்லது. மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே பல வண்டிகளில் ஏறத்தாழ ஒரு லிட்டர். அப்படியானால் கோட்டைத் தாண்டி அரை சென்டிமீட்டர் ஏறியிருந்தாலும் அது சின்ன விஷயமில்லை. அளவு மிகவும் கூடினால் சுழலும் கிராங்க்ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும். பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும், சீல்கள் கசியும், ஆயில் ஆவி இன்டேக் வழியாகப் போய் எரிந்து நீலப் புகை வரும். "கொஞ்சம் அதிகமா இருந்தா நல்லதுதான் சார்" என்பார்கள். இல்லை. வடித்துக் குறைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து நிறம். பெட்ரோல் வண்டியில் புது ஆயில் தேன் நிறத்தில், டிப்ஸ்டிக்கின் கோடுகள் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். எவ்வளவு வடித்தாலும் உள்ளே கொஞ்சம் பழைய ஆயில் தங்குவதால் லேசாகப் பழுப்பு கலந்திருக்கலாம். காலையில் எடுத்த போட்டோவில் இருந்த அதே கறுப்பு, அளவு மட்டும் மேல் கோட்டில் என்றால் மாற்றவில்லை, டாப்-அப் செய்திருக்கிறார்கள். டீசலில் இந்தச் சோதனை செல்லாது. புது ஆயிலாக இருந்தாலும் உள்ளே இருக்கும் கரியைக் கழுவி, ஸ்டார்ட் பண்ணிய சில நிமிடங்களிலேயே கறுத்துவிடும். டீசல் ஆயில் கறுப்பாக இருக்கிறது என்று சண்டை போட்டால் அட்வைசர் உங்களைத்தான் வேடிக்கை பார்ப்பார். அங்கே பழைய ஃபில்டரும் காலிக் கேனும்தான் சாட்சி. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து "ஆயில் செத்துப்போச்சு" என்று சொல்வதற்கும் மதிப்பில்லை. மினரலா சிந்தெடிக்கா, 20-ஆ 30-ஆ என்று விரலுக்குத் தெரியாது.

பிறகு பார்க்க வேண்டியவை சின்னச் சின்னவை. ஆயில் மூடி முழுக்கத் திருகியிருக்கிறதா. டிப்ஸ்டிக் அழுத்தி உட்கார்ந்திருக்கிறதா. ஃபில்டர் கண்ணில் படும் இடம் என்றால் அது புதுசாக, தூசி இல்லாமல், அதைச் சுற்றி ஈரமில்லாமல் இருக்கிறதா. அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டின் கிளிப்புகள் எல்லாம் இருக்கின்றனவா. அதில் இரண்டு காணாமல் போவது சர்வ சாதாரணம், ஹைவேயில் காற்று புகுந்து தட்டு ரோட்டில் உரசும்போதுதான் தெரியும். ஸ்டார்ட் பண்ணி, டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைகிறதா என்று பார்த்து, ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு, வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். வேட்டி அழுக்கானாலும் பரவாயில்லை.

அன்று இரவு வண்டி நிறுத்தும் இடத்தில், இன்ஜினுக்கு நேர் கீழே, பழைய அட்டைப் பெட்டி ஒன்றை விரித்துப் போடுங்கள். காலையில் அதில் ஒரு ரூபாய் நாணயம் அளவு ஆயில் வட்டம் விழுந்திருந்தாலும் போல்ட்டோ ஃபில்டரோ கசிகிறது. ஏசி ஓடியதால் விழும் தண்ணீர் வேறு, அது காய்ந்துவிடும், ஆயில் காயாது. அட்டையை போட்டோ எடுத்து, வண்டியை ஓட்டுவதற்கு முன் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை. டிபிஎஃப் வைத்த டீசல் வண்டிக்காரர்கள் மாதம் ஒருமுறை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஊருக்குள்ளேயே குறைந்த தூரம் ஓடும் வண்டியில் கரி எரிப்பு பாதியில் நின்று நின்று, எரியாத டீசல் ஆயிலில் இறங்கும். அங்கே ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறும். மேல் கோட்டைத் தாண்டினால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும்.

கிலோமீட்டர் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அடுத்த சர்வீஸ் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம் என்று டீலர் ஸ்டிக்கர் ஒட்டுவார். கையேட்டில் கடினமான பயன்பாட்டுக்கு என்று தனி அட்டவணை இருக்கும்: நெரிசலில் ஊர்ந்து போவது, நீண்ட நேரம் ஐடிலில் நிற்பது, சின்னச் சின்ன தூரங்கள், தூசி ரோடு. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் தினமும் ஆபீஸ் போய்வரும் வண்டி இதில் எல்லாமே செய்கிறது. அந்த அட்டவணையில் ஆயில் இடைவெளி பெரும்பாலும் பாதியாக இருக்கும். ஸ்டிக்கர் அதைப் பார்த்து ஒட்டப்படுவதில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தவறு நடந்துவிட்டால்

ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள். "சர்வீஸ் சென்டர் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டிப் போவதுதான் சில நூறு ரூபாய் தவறை இன்ஜின் செலவாக மாற்றுவது. பேரிங்குகள் ஆயில் அழுத்தம் இல்லாமல் நிமிடக்கணக்கில் தாங்காது. தவிர, எச்சரிக்கை விளக்கு எரிந்தபிறகும் ஓட்டினீர்கள் என்ற காரணத்தைச் சொல்லி உங்கள் மேலேயே பழியைத் திருப்பிவிடுவார்கள். ரோட்டோர உதவிக்கு அழைத்து, டோ பண்ணியே கொண்டுபோங்கள். ரோட்டில் சிந்திய ஆயில், ஓடோமீட்டர், டிப்ஸ்டிக் எல்லாவற்றுக்கும் போட்டோ.

போனில் பேசியதோடு விடாமல் ஜாப் கார்டு எண்ணைக் குறிப்பிட்டு சர்வீஸ் மேனேஜருக்கு மெயில் போடுங்கள், கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒரு நகல். என்ன கேட்கிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள்: சேம்பர் மாற்றித் தர வேண்டுமா, ஆயிலை மறுபடி மாற்ற வேண்டுமா, இன்ஜினைத் திறந்து பார்த்து எழுத்தில் அறிக்கை தர வேண்டுமா. பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். குறை ஏற்பட்டு இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. காலையில் எடுத்த அந்த இரண்டு போட்டோவும் கிரேடும் லிட்டரும் எழுதிய ஜாப் கார்டும் அங்கே எடுபடும்.

எல்லாம் சரியாக இருந்தால் பில்லையும் ஜாப் கார்டையும் ஸ்கேன் பண்ணி வைத்துவிட்டு, கம்பெனியின் ஆப்பில் இந்த சர்வீஸ் சரியான கிலோமீட்டரோடு ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். கேன் வாங்கியிருந்தால் மிச்சமிருக்கும் கால் லிட்டரையோ அரை லிட்டரையோ கேட்டு வாங்கி, மூடியை இறுக்கி, மேலே தேதி எழுதி அலமாரியில் வையுங்கள். நடுவில் அளவு கொஞ்சம் குறைந்தால் அதே ஆயிலை ஊற்றிக்கொள்ளலாம்.